ஜாத்திரை மைதானத்தில் அக்காவின் டிராக்டர்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். அழுது வடிந்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. அவர் சிரித்த நாட்களைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் ஓயாத ஓர் ஒற்றை அறை வீட்டில். அப்பா தண்டவாளம் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அவர் தவறியபோது அக்கா பத்தாம் வகுப்பு, எனக்கு ஏழு வயது. படிப்பை நிறுத்திவிட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனார். நான் படித்து வேலையில் அமர்ந்த பிறகுதான் ஆனேக்கல் பக்கத்து விவசாயியான மாமாவை மணக்கச் சம்மதித்தார்.

அதுவரை சைக்கிள்கூட ஓட்டாதவர், அங்கே மாமாவின் சிவப்பு டிராக்டரை ஓட்டப் பழகிக்கொண்டார். அது மாமாவின் அப்பா வாங்கியது, என்னைவிட வயதில் மூத்தது. மாமா மாரடைப்பில் போன பிறகு கொட்டகையில் தூசி படிந்து நின்றது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னவன் நான்தான். அக்கா மறுவாரம் போன் செய்து, ஊர்க் கோயில் திருவிழாவான ஜாத்திரையில் நடக்கும் டிராக்டர் இழுவைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

மணல் மூட்டைகள் ஏற்றிய டிரெய்லரை உழுத மண்ணில் இழுக்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு வரை இழுத்தவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள்; அதில் அதிக தூரம் இழுப்பவருக்குப் பரிசு. அந்த முதல் முறை, அக்கா கிளட்சை விட்டதும் டிராக்டரின் முன்சக்கரங்கள் மார்பு உயரத்துக்கு எழும்பிவிட்டன. உடனே கிளட்சை மிதித்ததால் வண்டி தடாலென்று கீழே வந்தது. கூட்டம் சிரித்தது. மகள் கவிதா, இனி அதில் ஏறவே கூடாது என்று அழுதாள். நானும் அவள் பக்கம்தான்.

அக்கா மெக்கானிக் நஞ்சப்பாவிடம் போனார். கன்னடம் பாதி தமிழ் பாதியாகப் பேசும் அவர், என்ஜினில் குறையில்லை, இழுக்கும் கொக்கி உயரத்தில் இருக்கிறது, முன்பக்கம் கனம் போதவில்லை என்றார். ஞாயிறுதோறும் நானும் பஸ் பிடித்துப் போனேன். கொக்கியை இறக்கினோம். முன்னால் இரும்புக் கட்டிகளைப் போல்ட் போட்டு முடுக்கினோம். கிளட்ச் பிளேட் மாற்றினோம். துரு தேய்ப்பது என் வேலை. நான் விட்ட இடங்களை அக்கா விரலால் தொட்டுக் காட்டுவார். பிறகு டிரெய்லரில் கல் ஏற்றி வயலில் பழகினார். மூன்றாம் ஞாயிறன்று கவிதா தானாகவே வரப்பில் வந்து நின்றாள். முன்சக்கரம் தரையை விட்டால் துப்பட்டாவை உயர்த்துவேன், உடனே கிளட்ச் மிதிக்க வேண்டும் என்று அம்மாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஜாத்திரையில் புது டிராக்டர்கள் பல மண்ணைத் தோண்டிக்கொண்டு நின்றுவிட்டன. அக்கா முதல் கியரில், குலுங்காமல், மெதுவாகக் கிளம்பினார். கரும்புகை எழுந்தது, சக்கரம் எழவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் பொரிக்கடை வரை போனார். கடைக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு விலகினார்.

நான் ஓடிப்போய், "கோடு தெரியலையாக்கா?" என்றேன்.

"தெரிஞ்சுதுடா. நிறுத்த மனசு வரல."

இறுதிச் சுற்றில் மூட்டைகளைக் கூட்டினார்கள். பாதி வழியில் வண்டி திணற, கவிதா கை தூக்கும் முன்பே அக்கா கிளட்சை மிதித்துவிட்டார். "போதும், வண்டி பாவம்" என்று இறங்கினார். இரண்டாம் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் முழுக்கச் சுற்றித்தான் வீடு வந்தார். அதன்பின் வந்த மூன்று ஜாத்திரைகளிலும் ஓட்டினார்.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் சேர்த்தபோது, நர்ஸ் என்ன வேலை என்று கேட்டார். "டிராக்டர் ஓட்டறேன்" என்றார் அக்கா. நர்ஸ் நம்பாததால் கவிதாவின் போனில் இருந்த போட்டி வீடியோவை வார்டு முழுவதும் பார்த்தது. நான்காம் நாள் அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவைத் தம் வீட்டுப் பெண்ணாகக் கவனித்த செவிலியர்க்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துப்போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. இறுதி ஊர்வலத்தில் அக்காவை அந்தச் சிவப்பு டிராக்டரிலேயே அழைத்துச் சென்றோம். வேறு யாரையும் தொடவிடாமல், வழி நெடுக முதல் கியரிலேயே ஓட்டிவந்த நஞ்சப்பாவுக்கு நன்றி சொல்ல முயன்றேன். "சும்மா இருங்க சாமி, நம்ம அக்கா" என்றார் அவர்.