ஓராண்டில் முடிந்திருக்கும்

என் மனைவிக்கு வந்தது மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். உடனே மருந்து வேண்டாம், பரிசோதித்துக்கொண்டே வந்தால் போதும் என்றார்கள். சில ஆண்டுகள் அப்படியே ஓடின. பிறகு கழுத்தில் கட்டிகள் பெருத்தன. மருந்து தொடங்க வேண்டிய நாள் வந்தது.

சென்னையில் அந்த மருத்துவரிடம் நான்தான் ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினேன். கல்லூரியில் பாடம் நடத்தியவன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை. அவரும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தார். வழிகள் இரண்டு. ஒன்று, தினமும் மாத்திரை. அது பலன் தருகிற காலம் முழுக்க நிறுத்தக்கூடாது. மற்றது ஓராண்டில் முடிந்துவிடும். ஆனால் முதல் சில மாதங்கள் அடிக்கடி மருத்துவமனைக்கு வந்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், சில நாள் தங்கவும் வேண்டும். இரண்டுமே பொருந்தும், அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

பக்கத்தில் இருந்த அவள், ஆங்கிலம் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. மாத்திரையே போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மாத்திரை கொடுக்கிறார்கள் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அடிக்கடி மருத்துவமனைக்குப் போனால் உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்கு நோயின் பெயர் தெரிந்துவிடும். என் காரணம் அவ்வளவுதான்.

மாத்திரையால், லேசாக இடித்துக்கொண்டாலும் அவள் கை நீலம் பாரித்தது. குழாயடியில் எதிர்வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாக்கா, சார் உன்னைப் போட்டு அடிக்கிறாரா? பாத்தா சாது மாதிரி கீறாரு."

வெளியில் சொல்லக்கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்ததால் அவள் பதில் பேசவில்லை. வாசலில் நின்று கேட்ட நான் உள்ளே போய்விட்டேன்.

சென்ற மாதம் வேறொரு மருத்துவர், இளம்பெண், அவளிடமே தமிழில் பேசினார். கையைப் பார்த்துவிட்டு, ஒரு வருடத்தில் முடிகிற சிகிச்சையை ஏன் வேண்டாம் என்றீர்கள் எனக் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது மாற்ற முடியுமா என்றாள். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, இப்போது மாற்ற வேண்டாம் என்றார் அவர்.

பேருந்து செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"ஒரு வருசம்தானே. போயி படுத்துக் கெடந்துட்டு வந்திருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டேன்.

தெருமுனையில் மருந்துப் பையைப் பார்த்த எதிர்வீட்டுப் பெண், அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று என்னிடம் விசாரித்தாள். பழக்கத்தில் வாயைத் திறந்தேன்.

"அவரை இன்னாத்துக்கு கேக்கற? என்னைக் கேளு," என்றாள் என் மனைவி. கையை நீட்டிக் காட்டி, நோயின் பெயரைத் தெருவில் நின்று சொன்னாள். இது அடி இல்லை, மாத்திரை என்றும் சொன்னாள்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "தப்பா நெனச்சிட்டேன் சார்," என்றாள்.

அவள் நினைத்தது அப்படியொன்றும் தப்பில்லை. அதையும் நான் சொல்லவில்லை.