பெயர்ப் பட்டியலில் கடைசி ஆள்

சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். இருக்கிறது. நாலு எட்டு நடந்துவிட்டு மறுபடி தொடுகிறார். இருக்கிறது. மாநில அவையின் வாசற்படியில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும்போது மூன்றாவது தடவை. டெல்மர் யோஸ்டின் பையில் இருப்பது துப்பாக்கியும் இல்லை, நெஞ்சுவலி மாத்திரையும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் அமெரிக்க நாட்டின் அரசியலமைப்புப் புத்தகம். ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

நான் இந்த அவையில் பெயர் கூப்பிடுகிறவள். ஓட்டெடுப்பு என்றால் எழுந்து நின்று அறுபத்தொரு உறுப்பினர்களையும் எழுத்து வரிசையில் ஒவ்வொருவராக அழைத்து, அவர்கள் வாயால் சொல்லும் ஆம், இல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்ற ஊர்களில் பொத்தான் வந்துவிட்டது, எங்களுக்கு இன்னும் என் தொண்டைதான். பதினாறு வருஷமாக யோஸ்ட்தான் கடைசிப் பெயர். அவர் முறை வருவதற்குள் முடிவு தெரிந்துவிடும், பாதிப் பேர் கோட்டு மாட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "என் ஓட்டால ஒண்ணும் குடிமுழுகாதுங்கிறது எவ்வளவு நிம்மதி தெரியுமாம்மா?" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஆடு வளர்க்கிறவர். குளிர்காலத்தில் நாற்பது நாள் மட்டும் சட்டம் போட வருவார், மற்ற நாளெல்லாம் மந்தையோடு. வண்டியில் இரண்டு ஸ்டெப்னி, மூன்று கம்பளி, ஐந்து நாளுக்கு ரொட்டி. விடுதியில் தரைத்தளத்து அறைதான் வேண்டும், அதுவும் வெளிவாசலுக்குப் பக்கத்தில். கேன்டீனில் சுவரில் முதுகு படும் நாற்காலி. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார். சரியான பயந்தாங்கொள்ளி அண்ணே நீங்கள் என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளவில்லை. "பயந்தவன்கிட்டதாம்மா ஆடு தங்கும். தைரியசாலியோட ஆட்டையெல்லாம் ஓநாய் தின்னு ஏப்பம் விட்டுருச்சு" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மேய்ச்சல் மலையில் பெரும்பகுதி வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசுக்குச் சொந்தம். அவர்கள் அனுமதிக் காகிதம் தந்தால்தான் ஆடு மேயும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழுப்பு உறை வந்தது. மேல்மலையில் ஏதோ பறவை முட்டையிடுகிறது, ஆடு ஏறக் கூடாது என்று. தொள்ளாயிரம் ஆடு அறுநூறாயிற்று. மிச்ச மலையைப் பற்றிய கடிதம் வருகிற ஏப்ரலில் வரும். அதிலும் 'கூடாது' என்றிருந்தால் மந்தையே கிடையாது. பழுப்பு உறையைத் தனியாகப் பிரிக்க மாட்டார் யோஸ்ட். மனைவி வெல்டா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். "ரெண்டாயிரம் மைலுக்கு அந்தாண்ட உக்காந்திருக்கான். நான் தாடி வச்சிருக்கேனா இல்லையான்னுகூட அவனுக்குத் தெரியாது. ஒரு நம்பரைப் போட்டு எழுதறான், இங்க என் முந்நூறு ஆடு போயிருது" என்பார்.

அதற்கு மருந்தும் அந்தச் சின்னப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பது அவர் கட்சி. ஐந்தாவது பிரிவு. ஐம்பதில் முப்பத்துநான்கு மாநிலங்கள் சேர்ந்து கேட்டால், வாஷிங்டன் சம்மதிக்காவிட்டாலும் அரசியலமைப்பைத் திருத்த ஒரு மாநாடு கூட்டியாக வேண்டும். அங்கே வைத்து மத்திய அரசின் கையைக் கட்டிவிடலாம். இவ்வளவுதான் செலவழிக்கலாம், இத்தனை வருஷம்தான் பதவி, மாநிலத்தின் மலை மாநிலத்துக்கு. அந்தப் பிரிவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். வெல்டா சந்தை சந்தையாக மேசை போட்டுக் கையெழுத்து வாங்குவாள். நம் மாநிலமும் மாநாடு கேட்க வேண்டும் என்று ஆறு வருஷம் யோஸ்ட் தீர்மானம் கொண்டுவந்தார். ஆறு வருஷமும் தோற்றார். தோற்ற அன்றைக்கெல்லாம் கேன்டீனில் ஆப்பிள் பை என்ற இனிப்பை இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிடுவார். மனுஷன் இவ்வளவு உற்சாகமாகத் தோற்று நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் புது உறுப்பினர்கள் நிறைய. தீர்மானத்தை மாநிலத்தின் மேலவையான செனட்டில் முதலில் வைத்தார்கள், நிறைவேறிவிட்டது. இதற்கு ஆளுநர் கையெழுத்தும் தேவையில்லை. எங்கள் அவையிலும் ஜெயித்தால் மாநிலம் மாநாடு கேட்டதாகிவிடும். அந்தச் செய்தி வந்த மத்தியானம் யோஸ்ட் வாயில் வைத்த ஆட்டுக்கறி ரொட்டியை மெல்லவே இல்லை.

பக்கத்து இருக்கைக்காரி ஐரீன் ஸ்டாக்வெல், அதே கட்சி, இருபது வருஷச் சிநேகிதம், சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஊறுகாய்ப் பீட்ரூட்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டே, "டெல்மர், மாநாட்டைக் கூட்டிட்டே, சரி. உள்ள போனவங்க நீ சொன்ன மூணை மட்டும் பேசிட்டு எந்திரிச்சு வருவாங்கன்னு உனக்கு யார் சொன்னா?" என்றாள்.

"தீர்மானத்துல எழுதியிருக்கே."

"1787 மாநாட்டுக்கும்தான் எழுதியிருந்துச்சு. இருக்கிற சட்டத்தைத் திருத்திட்டு வாங்கன்னுதானே அனுப்பிச்சாங்க? புதுசா ஒண்ணு எழுதிட்டு வந்தாங்க. பதிமூணு மாநிலமும் ஒத்துக்கணும்னு இருந்துச்சு, ஒன்பது போதும்னு அதையும் மாத்திட்டாங்க. அந்தப் புதுசுதான்யா உன் பையில இருக்கு."

"எனக்கு இது தெரியாதா ஐரீன்?"

"தெரியும். நெனைச்சுப் பார்த்திருக்க மாட்டே. ஜெயிப்போம்னு நெனைச்சிருந்தாத்தானே?"

அவர் முகம் வெளுத்ததை நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே ஐயோ பாவம் என்றிருந்தது.

அதற்கப்புறம் அவர் பழைய ஆளாக இல்லை. கடிதங்கள் வந்தன. வாஷிங்டன் ஆட்களிடமிருந்து வந்திருந்தால் பரவாயில்லை. எல்லாம் சொந்த ஜனம். அவர் மாதிரியே புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள். பேச்சுரிமை போகும், துப்பாக்கி போகும், எல்லாம் உன் தலையில் என்று எழுதினார்கள். ஒரு நாள் காலையில் என் மேசைக்கு வந்து போனை நீட்டினார். "நீயும் கேளும்மா. எனக்கு மட்டும்தான் அப்படிக் கேக்குதான்னு பாரு." பதிவாகியிருந்த ஒரு கிழவனின் குரல், மிரட்டலே இல்லாமல், மெதுவாக: "அந்த அரசியலமைப்பைத் திறக்காதேப்பா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், திறக்காதே." மிரட்டியிருந்தால் போடா என்று விட்டிருக்கலாம். போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இல்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன் அண்ணே" என்றேன்.

"ஏப்ரல் கடுதாசியை நீ வந்து பிரிக்கிறியாம்மா?"

"அப்ப ஆம்னு சொல்லுங்க."

"போனவங்க என்னத்தை எழுதிட்டு வருவாங்கன்னு நீ கையெழுத்துப் போட்டுத் தர்றியா?" என்றார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். பார்வையாளர் மாடத்தில் வெல்டா. பனியில் பன்னிரண்டு அண்டை வீட்டுக்காரர்களை வேனில் ஏற்றிக் கூட்டிவந்திருந்தாள். ஐரீன், "இல்லை" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். நாற்பதாவது பெயர் வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஐம்பதில் அவைக்கே புரிந்துவிட்டது, கோட்டு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அறுபதாவது பெயர் முடிந்தபோது முப்பது ஆம், முப்பது இல்லை. பதினாறு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் முடிவு அவர் வாயில் இருந்தது.

"யோஸ்ட்."

உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. மாடத்திலிருந்து வெல்டா, "டெல்மர், சொல்லு சாமி" என்றாள். அங்கிருந்து பேசக் கூடாது, ஆனால் அவளை யாரும் அதட்டவில்லை.

"யோஸ்ட்" என்றேன் மறுபடி.

"ஆம்."

முதல் பிள்ளை பிறந்த செய்தி கேட்டவன் மாதிரியும் இல்லை, செத்த செய்தி கேட்டவன் மாதிரியும் இல்லை அந்தக் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முப்பத்தொன்று என்று எழுதினேன். பென்சில் நுனி ஒடிந்தது.

சபாநாயகர் மரச்சுத்தியலை எடுத்தார். அடிப்பதற்கு முன்னால் அவர் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று எங்கள் அவை விதியில் உண்டு. சும்மா வழக்கத்துக்குக் கேட்பது. "யாராவது ஓட்டை மாத்திக்கிறீங்களா?" கையைத் தூக்கினால் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.

யோஸ்டின் வலது கை மேசையை விட்டு நாலு விரற்கடை எழும்பியது. இடது கை பாய்ந்து வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது. சுத்தியல் விழுந்தது, மாடத்தில் கைதட்டல் கிளம்பியது, வெல்டா படியிறங்கி ஓடிவந்தாள். அவரோ பிடித்த கையை விடாமல், விரல்கள் வெளுக்க, மேசையோடு மேசையாக அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.