டிக்கட்டுக்கு முந்திய கேள்வி

வெளிநாட்டிலிருந்து ஆளை அவசரமாக வரவழைக்க டிக்கட் பார்க்க வேண்டுமென்றால், மலையகத்து டயகம டவுனில், போன், போட்டோக் கொப்பி வேலையெல்லாம் பார்க்கும் பிரியந்தினியின் கொமினிகேஷன் கடைக்குத்தான் போக வேண்டும். போகிறவர்களை அவள் உட்காரக்கூடச் சொல்வதில்லை. “ஆள் இருக்கா, போயிருச்சா? உள்ளதச் சொல்லுங்க” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்பாள். நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவனுக்கு அது எப்படியிருக்கும்? வாயில் நல்ல வார்த்தையே வராதா இவளுக்கு என்று திட்டிக்கொண்டு வெளியேறியவர்கள் உண்டு. திட்டட்டும். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் திட்டமாட்டார்கள்.

அவளும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஜோர்தானில் வீட்டு வேலை செய்து திரும்பியவள்தான். அங்கே இருந்தபோது ஒருநாள் அண்ணன் போன் போட்டு, “அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, வந்து பாத்துட்டுப் போ” என்றான். அப்பாவின் குளிருக்கு இதமாக ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அதற்குள் அவரை அடக்கம் பண்ணிய மண்கூடக் காய்ந்திருந்தது. தோட்டத்தில் இதுதான் வழக்கம். தூரத்துப் பிள்ளையிடம் சாவைச் சொல்லமாட்டார்கள். தனியாக வருகிற வழியில் மயங்கி விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற பயம். அன்பில் செய்கிற காரியம்தான். அந்த அன்பைப் பிரியந்தினி இன்றுவரை மன்னிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வாள். குவைத்துக்குப் போகுமுன் போட்டோக் கொப்பி எடுக்க வந்த ஷாமிலாவிடமும் சொல்லியிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஷாமிலாவின் அப்பா ஆண்டியப்பன் நனைந்துகொண்டு கடைக்கு ஓடிவந்தார். அவருடைய மனைவி ஜீவராணி ஆஸ்பத்திரியில் முதல் நாள் இரவுதான் இறந்துபோயிருந்தாள். அம்மா படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் ஷாமிலா போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, தானே மலிவாக டிக்கட் வாங்கியிருக்கிறாள். இப்போது குவைத் விமான நிலையத்தில் ஏற விடமாட்டேன் என்கிறார்களாம். அம்மா இறந்தது அவளுக்குத் தெரியாது.

அவர் போனில் இருந்த டிக்கட்டின் படத்தைப் பார்த்ததுமே பிரியந்தினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. குவைத்திலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கொழும்பு. ஒரே பயணம் போலக் காட்டி விற்றிருக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு கம்பனிகளின் இரண்டு தனித்தனி டிக்கட். சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். அந்தப் பிள்ளையிடம் விசாவுக்கு எங்கே போவது? எல்லாம் எங்கோ அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் போட்டிருந்தது. படுபாவிகள்.

டிக்கட் விற்றவர்களிடம் எழுதிக் கேட்டால் ‘வருந்துகிறோம்’ என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. போன் போட்டால் பாட்டுத்தான் ஓடியது. நெடுநேரம் கழித்து ஒரு மனுஷக் குரல் கிடைத்தது. இரண்டு வழி உண்டு என்றது அது. சொந்தக் காசில் புதிதாக வாங்கினால் அன்றிரவே நேராகக் கொழும்புக்கு ஏறலாம். கைக்காசு போடாமல் வேண்டுமானால் வியாழக்கிழமை நேராக வரும் விமானத்துக்கு மாற்றித் தருவார்கள். எதுவானாலும் ஷாமிலாதான் தன் போனில் சம்மதம் கொடுக்க வேண்டும்.

செவ்வாய் சாயந்தரம் அடக்கம். அதற்குமேல் உடம்பை வைத்திருக்க முடியாது. இன்று ஏறினால் அம்மா முகத்தைப் பார்க்கலாம், வியாழன் என்றால் மண்ணைத்தான் பார்க்கலாம். பிரியந்தினி ஷாமிலாவைப் போனில் அழைத்தாள்.

“காசப் பாக்காத ஷாமிலா. இன்னைக்கே ஏறி வந்துரு.”

“இருக்கிற காச அம்மா வைத்தியத்துக்கு வச்சிருக்கேங்க்கா. பிரைவட்ல காட்டலாம்னு. ஏங்க்கா, அம்மாவுக்கு ஏதாச்சுமா?”

ஆண்டியப்பன் கடை நடுவில் நின்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “புள்ள தனியா நிக்கிது” என்று அவர் உதடு மட்டும் அசைந்தது.

உண்மை பிரியந்தினியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஊரையே ஏசிய வாய் அது. ஆனால் பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் எதிரில் கும்பிட்டு நிற்கும்போது அவளால் முடியவில்லை.

“ஒன்னுமில்ல. ஒன்னத் தேடுறாங்க, அதான் சொன்னேன்.”

“கண்ணு முழிச்சுப் பேசுறாங்களா?”

“ம்.”

“அப்பன்னா வியாழக்கிழமையே வாறேங்க்கா. காசு மிஞ்சும். அம்மாகிட்ட சொல்லிருங்க.”

சற்று நேரத்தில் வியாழக்கிழமை டிக்கட் பிரியந்தினியின் திரையில் வந்து விழுந்தது. ஆண்டியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்ல காரியம் செஞ்ச தாயி” என்றார். அந்த வார்த்தை அவளைச் செருப்பால் அடித்தது.

செவ்வாய்க்கிழமை தப்பு மேளச் சத்தத்தோடு ஜீவராணி போனாள். மகள் போட வேண்டிய கோடிச் சேலையை நாத்தனார் போட்டாள். பிரியந்தினி கூட்டத்துக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள்.

வந்தவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லயத்து முனையில் சாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகளை வேன் ஜன்னல் வழியாகவே ஷாமிலா பார்த்துவிட்டாள். இறங்கியவள் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்றார்கள்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் கடைக்கு வந்தாள். வந்து கத்துவாள் என்று பிரியந்தினி காத்திருந்தாள்; கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“லீவு முடியுதுங்க்கா. போறதுக்கு டிக்கட் பாருங்க. ஒரே கம்பனியாப் பாருங்க.”

பிரியந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தேடினாள். ஷாமிலா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க அப்பா செத்தப்பவும் இப்படித்தானங்க்கா சொன்னாங்க?”

“ஆமா.”

“அப்ப அது எப்படியிருக்கும்னு ஒங்களுக்குத் தெரியும்” என்றாள் ஷாமிலா.