மச்சாள் நிறுத்திய காசோலை

என் மச்சாளை நினைத்தால், நீதிமன்ற வாசலில் அவர் மடியில் வைத்திருந்த வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டைதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது. ஒருதரம் தோய்த்துக் காய்ந்ததும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அளவு காணாமல் சுருங்கியிருந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. கணவரை இழந்த பிறகு மட்டக்களப்பில் வாவிக்குக் கிட்ட ஒரு சிறிய கடை எடுத்து, மூன்று பெண்களோடு பள்ளிக்கூட உடுப்புத் தைத்தார். துணி வாங்கியது ஏறாவூரில். கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் முறை வைத்து நானா என்றே கூப்பிடுவோம். உடுப்பு விற்றுக் காசாகும் நாளைப் பார்த்துத் திகதி போட்டுக் காசோலை கொடுப்பார் மச்சாள். ஒன்றும் திரும்பியதில்லை.

ஒரு வருடம் வந்த துணி பழுது. தாய்மார் சட்டைகளைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். மச்சாள் முகம் சுளிக்காமல் எல்லோருக்கும் காசைக் கொடுத்துவிட்டு, சட்டையும் மிச்சத் துணியுமாக ஏறாவூருக்குப் போனார். நானா ஊரில் இல்லை. வெட்டின துணியைத் திருப்பி எடுப்பதில்லை என்று அவருடைய மகன் மச்சாளை அனுப்பிவிட்டார். மச்சாள் பஸ்ஸால் இறங்கி நேரே வங்கிக்குப் போய், அந்தத் துணிக்குக் கொடுத்திருந்த காசோலையை நிறுத்தும்படி எழுதிக் கொடுத்தார். பழுதான சாமானுக்குக் காசு கொடுக்காமல் விடுவதில் என்ன பிழை என்று எனக்கும் பட்டது.

ஆனால் நானா அந்தக் காசோலையைத் தனக்குத் துணி கொடுத்த கொழும்பு வியாபாரியிடம் கைமாற்றியிருந்தார். அது திரும்பியதும் வியாபாரி பொலிசில் முறைப்பாடு செய்தார். மச்சாளுக்கு அழைப்பாணை வந்தது.

எங்கள் சட்டத்தரணி ஓர் இளம் பெண். "கணக்கில காசு இருந்தாலும் குடுத்த செக்க நிப்பாட்டினா வழக்கு வரும் அக்கா," என்றார். "துணி பழுது எண்டத நாமதான் காட்டோணும். காட்டேலாமப் போனா தண்டம், சிலவேளை மறியல்ல போடவும் கூடும்."

 வெளியே வந்ததும் மச்சாள் என் கையைப் பிடித்தார். "நான் உள்ள போனா அந்த மூண்டு பொம்புளையளுக்கும் ஆர் கா சம்பளம் குடுக்கிற?"

வழக்கு நாளன்று நானாவும் வந்திருந்தார். கொழும்பில் அவர் பெயர் கெட்டுப்போயிருந்தது. கோபத்தோடு தள்ளி நின்றார். மச்சாளின் மடியில் சட்டையைக் கண்டதும் கிட்ட வந்து, வாங்கி, துணியை விரலால் நெருடிப் பார்த்தார்.

"இத ஏன் எனக்கிட்ட காட்டல்ல, தங்கச்சி?"

"கொண்டுவந்தன் நானா. உங்கட மகன் எடுக்கேலா எண்டிட்டார்."

"அவன் எனக்கிட்டச் சொல்லல்ல."

"நானும் ஒரு போன் எடுத்திரிக்கலாம்," என்றார் மச்சாள், நிலத்தைப் பார்த்தபடி.

அன்று வழக்கு வேறொரு நாளுக்குத் தவணை போடப்பட்டது. இடையில் நானா அந்தச் சட்டையோடு கொழும்புக்குப் போய் வியாபாரியிடம் பேசினார். வியாபாரி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். மிச்சத்தை நானாவும் மச்சாளும் பாதிப் பாதியாகக் கட்டினார்கள். இணக்கம் நீதவானுக்கு அறிவிக்கப்பட்டு வழக்கு முடிந்தது. மச்சாள் மரநிழலில் இருந்து அழுதார். நானா ஒரு சோடாவை உடைத்து என்னிடம் தந்து, "குடிக்கக் குடுங்க," என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்.

மச்சாள் இப்போது இல்லை. கடையை நான் பார்க்கிறேன். காசு கைத்தொலைபேசியிலேயே போய்விடுகிறது. துணி வந்து இறங்கினால், "தோய்ச்சுப் பாத்தீங்களா?" என்று நானாவின் மகனே கேட்கிறார். அவருடைய குரல் கேட்கும்போதெல்லாம், வழக்கு முடிந்த அடுத்த வருடம் நானா தானே துணி கொண்டுவந்த நாளை நினைக்கிறேன். "செக் வேணாம் தங்கச்சி, வித்திட்டுத் தாங்க," என்றார் அவர்.

மச்சாள் கேட்கவில்லை. இருந்து, அவசரப்படாமல் காசோலையை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"புடிங்க நானா. நிப்பாட்டுறதெண்டா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவன்."