புளி போட்ட இரண்டு சக்கரங்கள்

பிள்ளைகளா, போன வாரம் நம் காரின் சக்கரத்தைக் கழற்றி, பழைய பாயில் படுக்கப் போட்டு நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "கடையில கொடுத்தா மெஷின்லயே முடிச்சிடுவாங்கப்பா, ஏன் இந்தப் பாடு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாயில் ஒரு சக்கரம் கிடப்பதைப் பார்த்தாலே எனக்கு உங்கள் மாமாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மச்சான். அவர் பெண் பார்க்கப் போன கதையை அம்மா சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுவாள். அதனால் உங்களுக்கு முழுசாகக் கிடைத்திருக்காது. நான் அதிகம் படித்தவன் இல்லை. எழுத்தில் அழகு குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு மாமா எங்களுடன்தான் இருந்தார். கெலாங் பாத்தாவில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டும் வேலை. பெரிய உடம்பு, சின்னக் குரல். வெள்ளிக்கிழமை ஆனால் கோயிலுக்குப் போய் விளக்குகளையெல்லாம் துலக்கிக் கொடுப்பார். உப்பும் புளியும் வைத்துத் தேய்த்தாரென்றால் பித்தளை அப்படியே தங்கமாகிவிடும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கல்யாணம்தான் அமையவில்லை. போன இடத்திலெல்லாம் நன்றாகத்தான் பேசுவார்கள், பலகாரம் கொடுப்பார்கள், "அப்புறம் சொல்றோம்" என்பார்கள். பிறகு ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவர் யாரையும் குறை சொன்னதில்லை. பாலோ என்ற ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோதுதான் அம்மாவிடம், "அக்கா, இதான் கடைசி. இதுவும் இல்லன்னா, இனிமே யார் வீட்டு வாசல்லயும் என்னை நிறுத்தாதீங்க" என்றார். அம்மா அன்றைக்குச் சமையலுக்கு வேண்டியதைவிட நிறைய வெங்காயம் நறுக்கினாள்.

மாமாவின் கார், அம்மா பேச்சில் காடி, பழையது. இன்ஜின் நன்றாக ஓடும், பார்வைக்குத்தான் ஆகாது. வாங்கியபோதே அலுமினியச் சக்கரங்கள், நம் ஊர்ப் பேச்சில் ஸ்போர்ட் ரிம், மேல்பூச்சு உரிந்து மங்கிப்போய்க் கிடந்தன. ஒரு சாயங்காலம் அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மச்சான், மூஞ்சிய மாத்த முடியாது. ரிம்மையாச்சும் மாத்துவோமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. புதிது வாங்கிவிடலாம் என்றேன். அதற்கு அவர், "வேணாம் மச்சான். இருக்கிறதைத்தான் நல்லாக்கணும்" என்றார்.

தினமும் வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவோம். முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பூச்சு உரிக்கும் மருந்தைத் தடவிப் பழைய பூச்சை எடுக்க வேண்டும். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முரட்டுத் தாளில் தொடங்கி, போகப்போக நைசான தாளுக்கு வர வேண்டும். அவசரப்பட்டு நடுவில் ஒரு தாளை விட்டுவிட்டால், கடைசியில் பளபளப்புக்கு அடியில் கீறல் தெரியும். எல்லாம் முடிந்தபின் பாலீஷ் பசையைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் முதலில் வருவது பளபளப்பு இல்லை, கறுப்பு. விரல், நகம், துணி எல்லாம் மை பூசியதுபோல் ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டுக் கெடுத்துவிட்டோம் என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது. கறுப்பு வரும்வரை வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதைத் துடைத்தெடுத்தால் அடியில் உங்கள் முகமே தெரியும். முதல் சக்கரத்தில் மாமா தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ அலமாக், இதுலயும் இதே மூஞ்சிதானா!" என்றார். அம்மா ஜன்னல் வழியாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். சனிக்கிழமைக்குள் இரண்டு சக்கரங்கள் முடிந்தன. மற்ற இரண்டையும் உப்புத்தாள் வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம்; பாலீஷ்தான் பாக்கி. எனக்கு அன்று பாதி நாள் வேலை. நான் வருவதற்குள் முடித்து அசத்திவிடலாம் என்று மாமா நினைத்தார். பாலீஷ் டப்பாவில் அடிமட்டம்தான் இருந்தது. கடைக்குப் போகலாமே! அவருக்கு அது தோன்றவில்லை. தோன்றியது கோயில் விளக்கு. அடுக்களையில் இருந்த புளியை மொத்தமாகக் கரைத்து, கல் உப்பைத் தாராளமாகப் போட்டு, இரண்டு சக்கரத்திலும் அப்பி, ஈரத்துணியைப் போர்த்திவிட்டு முடிவெட்டப் போய்விட்டார். கடையில் கூட்டம். திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் பாயில் உட்கார்ந்து துணியைக் கையில் பிடித்திருந்தார். சக்கரங்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன, இடையிடையே வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. பித்தளைக்கு மருந்தானது அலுமினியத்துக்கு விஷமாகிவிட்டது. அம்மா வெளியே வந்து பார்த்தாள்.

"டேய், அது என்ன குத்துவிளக்கா? ஐயோ, காடிக்குத் தேமல் வந்துருச்சே!"

"விளக்குக்கு நல்லா வருதேக்கா..."

"அப்ப நாளைக்கு விளக்குலயே ஏறிப் போ!"

திட்டிக்கொண்டேதான் எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். மறுபடி முரட்டுத் தாளிலிருந்து தொடங்கியாக வேண்டும். தாளும் இல்லை, நேரமும் இல்லை. மறுநாள் காலை நல்ல நேரத்துக்குள் பாலோவில் இருக்க வேண்டும். கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். பளபளப்பான இரண்டையும் இடது பக்கம் மாட்டிவிடுவோம். இடது பக்கம் வீட்டைப் பார்க்க, சாலையோரமாக நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அம்மா அதற்கு மேலே ஒரு படி போனாள். "யாராச்சும் பார்த்துட்டா, கடையில கெடுத்துட்டாங்கன்னு சொல்லிடலாம்." மாமா சக்கரத்தின் நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு முடிவு தெரியும். அன்று எங்களுக்குத் தெரியாது. வழியெல்லாம் செம்பனைத் தோட்டங்கள். மாமா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஓட்டினார். பாலோவில் அந்த வீட்டுக்கு முன்னால், சொன்னபடியே இடது பக்கம் வீட்டைப் பார்க்க நிறுத்தினோம். இறங்கக்கூட இல்லை, பெண்ணின் அப்பா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "வெயில்ல போடாதீங்க தம்பி! சுத்தி உள்ள கொண்டாங்க, ரம்புத்தான் மரத்தடியில நெழல் இருக்கு." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவரே முன்னால் நின்று, "வா, வா, இன்னும் வா" என்று வழிகாட்டி, தேமல் பிடித்த பக்கம் நேராக வாசலைப் பார்க்கும்படி நிறுத்தவைத்துவிட்டார்.

காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் நின்றார். "என்ன தம்பி, அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு, இந்தப் பக்கம் இப்படி?"

அம்மா முந்திக்கொண்டாள். "அது வந்து, கடையில..."

"இல்ல அங்கிள்," என்றார் மாமா. அவ்வளவு பலமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "கடை இல்ல. நான்தான். விளக்குக்குப் போடுற மாதிரி புளி போட்டுட்டேன். இங்க வர்றோமேன்னு பளபளன்னு ஆக்கப் பார்த்தேன்."

பெரியவர் வாயைத் திறந்தபடி நின்றார். மாமாவின் காது சிவந்துவிட்டது. இதுவும் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். அம்மாவின் விரல் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. கூப்பிடுவதற்கு முன்பே பெண் வெளியே வந்துவிட்டார். கையில் தட்டும் இல்லை, டீயும் இல்லை. பட்டுச்சேலையோடு சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் பாலர் பள்ளி ஆசிரியை என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். ஏதோ குழந்தை வரைந்த படத்தைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார்.

"உப்பும் போட்டீங்களா?"

"கல் உப்பு."

"மிளகும் தட்டிப் போட்டிருந்தா ரசமாயிருக்கும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன எந்த வீட்டிலும் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவர் சிரித்தால் நன்றாக இருப்பார் என்பது நம் வீட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. பெண் எழுந்து விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"இதைச் சரி பண்ண முடியுமா?"

"முடியும். மொதல்லேர்ந்து தேய்க்கணும். ரொம்ப நேரம் ஆகும்."

"அப்ப இந்த ரெண்டையும் தொடாதீங்க. அடுத்த வாட்டி வரும்போது இப்படியே கொண்டாங்க. எப்படித் தேய்க்கிறதுன்னு நானும் பாக்குறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாட்டி என்ற சொல் அங்கேயே நின்றது. பெரியவர் தொண்டையைச் செருமி, "அதான் சொல்லிருச்சே. வாங்க, டீ ஆறிடும்" என்றார். அம்மா என் சட்டையை விட்டாள். அந்த இடம் கசங்கியே இருந்தது.

சாயங்காலம் ஊர் வந்ததும் மாமாவும் அம்மாவும் கோயிலுக்கு நடந்தே போனார்கள். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கடைக்குப் போய் உப்புத்தாளில் ஒவ்வொரு ரகமும், புது பாலீஷ் டப்பா ஒன்றும் வாங்கி வந்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து, பாயை விரித்து, புளி போட்ட சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். தொடங்கிய வேலை பாதியில் நின்றால் எனக்குத் தூக்கம் வராது. முரட்டுத் தாளை எடுத்துத் தண்ணீரில் முக்கப் போன கை அப்படியே நின்றது. அந்தப் பெண் என்ன சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வாளித் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றினேன். தாள்களை வரிசையாக அடுக்கி, டப்பாவையும் இரண்டு சுத்தமான துணிகளையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக் கட்டினேன். மாமாவின் காரின் பின்பெட்டியைத் திறந்து, பையை உள்ளே வைத்து, சத்தம் வராமல் மூடினேன்.