கைதட்டாத ரசிகர்கள்

எங்கள் காஜா பெராங் ஊரே தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பந்தாட்டக்காரர் என் கணவர். ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் அவன் சிப்பாய்களோடு நடந்த ஆட்டத்தில் அவர் கோல் போட்டார். பயத்தில் ஊர்க்காரர்கள் ஒருவரும் கைதட்டவில்லை. சிப்பாய்கள் கோல் போட்டதும் அத்தனை பேரும் தொண்டை கிழிய “பன்சாய்!” என்று ஜப்பான்காரன் பாஷையிலேயே வாழ்க போட்டுக் கத்தினார்கள். “இனி ஆட மாட்டேன்” என்று அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டார்.

மறுநாள் அந்த வீரக்கூட்டம் எங்கள் வாசலில் வந்து ஒப்பாரி வைத்தது. “நீங்க ஆடலேன்னா நமக்கு ஏதுண்ணே மானம்?”

“நேத்து எங்கடா போச்சு அது? ஒருத்தனாவது கை தட்டினீங்களா?” என்றார் அவர்.

“தட்டினோம்ணே! வீட்டுக்குப் போயி, கதவச் சாத்திக்கிட்டு, எல்லாரும் தட்டினோம்!”

பெருமையாகச் சொன்னார்கள், வெட்கங்கெட்டவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்தினேன்.

இந்த வயதிலும் யாராவது என்னைப் புகழ்ந்தால், கதவு திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.