மெதுவக்கா

முதலில் அக்கா ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுப்பார். தோட்ட வேலைக்குப் போடுகிற முரட்டுக் கையுறை. அடுத்து ஆளுக்கொரு சட்டை. "மாட்டிக்கிட்டு பொத்தான் போடுங்க" என்பார். வகுப்புக்கு வந்தவர்கள் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே, "இன்னுமா முடியல? எத்தனை தடவ சொல்றது? எனக்கு வேற வேலையே இல்லன்னு நெனச்சியா?" என்று கத்துவார். கைக்கடிகாரத்தை வேறு தட்டித் தட்டிக் காட்டுவார். மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் கையுறையைக் கழற்றி எறிவார். போன மாதம் எறிந்தவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர். அத்தனை பெரிய மனிதருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போதுதான் அக்கா குரலை இறக்குவார். "கோவம் வருதில்ல? வீட்ல இருக்கவங்களுக்கும் இப்படித்தான் வரும். மெதுவா. எல்லாமே மெதுவா."

ஒரு மணி நேரத்தில் இந்த 'மெதுவா' நாற்பது தடவையாவது வந்துவிடும். அதனால் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவர் மெதுவக்கா. ஆனால் ஆளை நடையில் பிடிக்க முடியாது. படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவுவார், மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். யாராவது கேலி செய்தால், "நான் ஓடினாத்தானே அவங்க மெதுவா நடக்க முடியும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த படிக்குப் போய்விடுவார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. மருத்துவமனையின் முதல் மாடியில், மடக்கு நாற்காலிகளும் எடை பார்க்கும் இயந்திரமும் கிடக்கிற ஓர் அறை. நினைவு தப்பிப்போன அப்பா, அம்மா, மாமியார், கணவர் என்று யாரையாவது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் வருவார்கள். இருபத்தாறு வருடம் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா, தானாகக் கேட்டு வாங்கி இந்தப் பயிற்சியை நடத்துகிறார். எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படி ஊட்டுவது, சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுபவருக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் அதில் அடக்கம்.

வருகிறவர்கள் யாரும் சும்மா வருவதில்லை. ஒவ்வொருவர் மனதிலும் வெளியே சொல்ல முடியாத ஒன்று உறுத்திக்கொண்டிருக்கும். ஒரு மருமகள், மாமியாரை அறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கதவில் சாய்ந்து நின்றதாகச் சொல்லித் தேம்பினாள். அக்கா திட்டவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, "நீயும் மனுஷிதானேம்மா. அடுத்த தடவ தாழ்ப்பாள்ல கைய வைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு" என்றார். இத்தனை பேரையும் இப்படித் தட்டிக்கொடுத்து அனுப்புகிறவர், தம் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவர் வீட்டில் இருப்பது அவரும் அண்ணனும்தான். அண்ணனுக்கு எழுபத்தொன்று. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஐந்து வருடமாக நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வருகிறது. துணி அலமாரிக்கு முன்னால் போய் நிற்பார், பக்கத்துச் சுவரிலிருக்கும் விளக்கு ஸ்விட்சை அழுத்துவார், கதவு திறக்கக் காத்திருப்பார். "மேல இருக்கு, வந்துரும்" என்று தங்கைக்குச் சமாதானம் வேறு சொல்வார். அக்காவும் கூடவே நின்று, எந்த மாடிக்குப் போகணும் அண்ணே என்று கேட்பார். பொறுமையில் குறை சொல்ல முடியாது, போன செவ்வாய்க்கிழமை வரை.

அன்று காலை ஒன்பதரைக்கு வேறொரு மருத்துவமனையில் இளம் நர்ஸுகளுக்கு அவர் பேச வேண்டியிருந்தது. தலைப்பு, குளியல் நேரத்துச் சண்டையைத் தவிர்ப்பது எப்படி. மணி எட்டே முக்கால். அண்ணன் சட்டையைக் கழற்ற விடவில்லை. அக்கா கெஞ்சினார், சீக்கிரம் சீக்கிரம் என்றார், பிறகு அதட்டினார். அண்ணன் வாளியிலிருந்த குவளையைத் தட்டிவிட்டார். அக்கா இஸ்திரி போட்டு மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டு முழுக்கத் தண்ணீர். கை எப்போது எழுந்தது என்று அக்காவுக்கே தெரியாது. அண்ணனின் கன்னத்தில் ஓர் அறை.

பலமான அடியில்லை என்று அன்று பொழுது சாய்வதற்குள் நூறு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அண்ணன் அழவில்லை, திட்டவில்லை. தாமாகவே சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

ஆனாலும் வேறு கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பேசினார். கைதட்டினார்கள். திரும்பி வந்தபோது அண்ணன் வழக்கம்போல அலமாரிக்கு முன்னால் நின்று ஸ்விட்சை அழுத்திக்கொண்டிருந்தார். எல்லாம் மறந்துவிட்டது என்று தெரிந்ததும் அக்காவின் மனதில் முதலில் ஓடிய வார்த்தை, நல்லவேளை. அண்ணனைத் தின்றுகொண்டிருக்கிற நோய்க்கு நன்றி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. நடந்தது மறந்துபோகும், அதில் பட்ட பயம் உடம்பில் தங்கிவிடும் என்று இரண்டாவது வாரப் பாடத்தில் பலகையில் எழுதிப் போடுகிறவரே அவர்தான். அது தெரிந்திருந்தும்தான் நல்லவேளை என்று நினைத்தார்.

அந்தச் சனிக்கிழமை, அக்கா வெளியே போகிற நேரங்களில் அண்ணனைப் பார்த்துக்கொள்கிற பெண் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. வேறு வழியில்லாமல் அக்கா அவரையும் வகுப்புக்குக் கூட்டிவந்து ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றைய பாடம், உட்கார்ந்திருப்பவரைப் பயமுறுத்தாமல் கைபிடித்து எழுப்புவது. முன் வரிசையில் இருந்த தையல்காரர், தம் அப்பாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், அண்ணனே இருக்கிறாரே, அவரை வைத்தே காட்டலாமே என்று. எல்லாரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அக்காவிடம் ஒரு காரணமும் இல்லை.

எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தார். பின்னாலிருந்து போகவில்லை, முன்பக்கமாகப் போனார். கண்ணுக்கு நேராகக் குனிந்தார். சிரித்தார். "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டு, உள்ளங்கை மேலே தெரியும்படி கையை நீட்டினார்.

அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார்.

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நிமிர்ந்தார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வாய் தானாகப் பேசியது. "இந்த நோய்ல இப்படி வரும். காரணமே இல்லாம பயந்துக்குவாங்க."

எல்லாரும் தலையைக் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். அந்த மருமகள் அடிக்கோடு வேறு போட்டாள். தையல்காரர் மட்டும் எழுதவில்லை. நாற்காலியில் சாய்ந்து பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"எங்கப்பாவும் என்னப் பார்த்தா இப்படித்தான்க்கா கையத் தூக்கிக்கிறாரு. ரெண்டு மாசமா ராத்திரி தூக்கமே இல்ல. காரணம் ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இப்பதான் நிம்மதியா இருக்கு."

அக்கா அவரைப் பார்த்தார். மனிதர் உண்மையிலேயே நிம்மதியாகத்தான் இருந்தார். இந்த நிம்மதியோடு வீட்டுக்குப் போவார். நாளைக் காலை அவருடைய அப்பாவுக்குக் குளியல் இருக்கும். அந்தக் கிழவர் கையைத் தூக்கினால், அது நோய் என்று இனி அவர் எண்ணிக்கொள்வார். சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் மெதுவக்கா என்பார்.

"அந்த வரிய வெட்டிடுங்க" என்றார் அக்கா.

பேனாக்கள் நின்றன. என்ன வரி என்பது போல மருமகள் நிமிர்ந்தாள்.

"காரணம் இருக்கு. செவ்வாக்கிழம காலைல நான் இவர அறைஞ்சேன். கன்னத்துல. நேரமாச்சுன்னு. அவரு மறந்துட்டாருன்னு சந்தோஷம் வேற பட்டேன்."

யாரும் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை. மனுஷிதானே என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு அந்த அறையில் வழக்கமாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான். தையல்காரர் தம் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனின் கைகள் இன்னும் முகத்தைவிட்டு இறங்கவில்லை. அக்கா அவருக்கு எதிரே, இரண்டடி தள்ளி, வெறுந்தரையில் உட்கார்ந்தார். தம் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டார். அண்ணன் விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். அக்கா உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் கைகளின் மேல் போட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.